ஆசிரியரின் நாரியும் வட்டக்களரியும்

கிழக்கிலங்கையின் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆசிரியர் பட்டறைக்கு ஒரு மாறாத முகம் உண்டு. சுவரில் பேனர், வாசலில் மங்கள விளக்கு, மூன்று வரவேற்புரை, அப்புறம் பவர்பொயின்ற். பத்தரைக்குத் தேநீரும் ரோல்ஸும், மதியம் சோற்றுப் பார்சல், கடைசியில் சான்றிதழும் குழுப் படமும். காலையிலிருந்து மாலை வரை பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து ‘மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி’ என்று கேட்டுவிட்டு, வந்ததைவிட விறைத்த பிடரியோடு பஸ் ஏறிய ரீச்சர்மார் இரண்டு மாவட்டத்திலும் ஏராளம்.

கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தொடங்கும் பட்டறை வேறு வகை. செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள். பெயரைச் சொல்லும்போது கூடவே ஓர் அசைவும் செய்ய வேண்டும். மற்றவர்கள் அந்தப் பெயரையும் அசைவையும் திருப்பிச் செய்வார்கள். பிறகு மண்டபம் முழுக்க நடப்பார்கள். வேகமாக, மெதுவாக, யாரோ துரத்துவதுபோல, எங்கும் போகத் தேவையில்லாததுபோல. ஒருவர் கையை உயர்த்தினால் எதிரில் நிற்பவர் அப்படியே பின்பற்றுவார். மூச்சை ஓசையோடு வெளியே விடுவார்கள். இருவர் முதுகோடு முதுகு சாய்வார்கள். இடையிடையே உட்கார்ந்து, உடம்பில் எந்த இடம் இறுகிக் கிடக்கிறது என்று பேசுவார்கள். முதல் அரை மணி நேரம் இது சின்னப்பிள்ளை விளையாட்டாகத்தான் தெரியும். பின்பக்கம் நிற்கும் சேர்மார் (ஆண் ஆசிரியர்கள்) ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதும் வழக்கம்தான்.

இந்த முறை ஒரே இடத்திலிருந்து வந்ததல்ல. அமெரிக்காவில் மரியன் சேஸ் என்ற நடனக்காரர் 1942இல் வாஷிங்டனிலுள்ள ஒரு மனநல மருத்துவமனையில் நோயாளிகளோடு ஆடத் தொடங்கியது ஒரு வேர். பிரேசிலில் அகஸ்தோ போவால் 1970களில் வளர்த்த ஒடுக்கப்பட்டோர் அரங்கின் விளையாட்டுகள் இன்னொரு வேர். இலங்கைத் தமிழ் அரங்கக்காரர்கள் இவற்றை நீண்ட காலமாகவே எடுத்து ஆண்டு வருகிறார்கள். மூச்சுப் பயிற்சியும் யோகாசனமும் நம்மிடம் முன்பே இருந்தவை. ஆக, வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது, எல்லாம் நம் முன்னோர் சொன்னதுதான் என்று மார்தட்டவும் முடியாது.

எனக்கு இதில் ஒரு நிலைப்பாடு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டறைகளில் வேலை செய்வது ‘சேர்ந்து செய்வது’ என்ற பகுதி. அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டு, தனியாளின் மனத்தைத் திடப்படுத்தும் மருந்தாக இதைக் கொடுக்கும்போது, பாடசாலையின் குறைகளையெல்லாம் ரீச்சரின் உடம்பே சுமக்கட்டும் என்று சொன்னதாகிவிடும்.

நிற்கும் தொழில்

பாடசாலை நேரம் காலை 7.30 முதல் 1.30 வரை. நாற்பது நிமிடப் பாடவேளைகள் எட்டு. ஆட்பற்றாக்குறை உள்ள பாடசாலையில் இவற்றில் ஓய்வுப் பாடவேளை என்று ஒன்று மிஞ்சினால் அதிர்ஷ்டம். லீவில் நிற்பவரின் வகுப்புக்கு அதையும் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆறு மணி நேரமும் பெரும்பாலும் நின்றபடிதான். சீமெந்துத் தரை, தகரக் கூரை, பக்கத்து வகுப்புச் சத்தத்துக்கு மேலே எழும்ப வேண்டிய குரல். பல பாடசாலைகளில் வகுப்புகளைப் பிரிப்பது ஒரு பலகைத் தட்டி, அல்லது அதுவும் இல்லை.

குரலைப் பற்றி நம்பகமான எண் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் எடுக்கப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையேனும் குரல் கோளாறு வந்த ஆசிரியர்கள் 57.7 வீதம். மற்றத் தொழில் செய்பவர்களில் அது 28.8 வீதம். அங்கே மின்விசிறிக்கும் மழைச் சத்தத்துக்கும் மேலே கத்த வேண்டியதில்லை என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

குரலைவிடக் குறைவாகப் பேசப்படுவது தண்ணீர். ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். ஒழுங்கான கழிப்பறை இல்லை, இருந்தாலும் வகுப்பை விட்டுப் போக நேரமில்லை. அதனால் காலையில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். சேலையோடு, சில சமயம் மாதவிடாயோடு, பகல் ஒன்றரை மணி வரை அடக்கி இருப்பது பலருக்கு இருபது வருடப் பழக்கம். சிறுநீர்த் தொற்று, தலையிடி, தொண்டைக் கட்டு எல்லாம் இதன் பின்னால் வரும். இதைக் கல்வித் தரம் பற்றிய எந்தக் கூட்டத்திலும் யாரும் எடுப்பதில்லை. வெட்கம் ஒரு காரணம். இது நிர்வாகப் பிரச்சினை என்று யாருக்கும் தோன்றாதது இன்னொரு காரணம்.

பயணம் தனிக் கதை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஆசிரியர்களில் பலர் எழுவான்கரையில் குடியிருக்கிறார்கள். ஆசிரியர் தட்டுப்பாடு படுவான்கரையில். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக ஓடம்தான் குறுக்கு வழி. இன்றைக்கும் மட்டக்களப்பு மேற்குக் கல்வி வலயத்தின் உட்கிராமப் பாடசாலைகளுக்குப் போகிறவர்கள் விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, ஒரு பஸ் மாறி, மிச்சத்தை மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். குண்டும் குழியுமான கிறவல் ரோட்டில் ஒரு வருடம் போய்வந்தால் நாரி, அதாவது இடுப்பின் பின்பக்கம், தன் கதையைத் தானே சொல்லும். அம்பாறையில் திருக்கோவில், சம்மாந்துறை வலயங்களின் உட்கிராமங்களுக்கும் இது பொருந்தும். அங்கே யானைப் பயமும் கூட.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் யாரும் ‘எனக்கு மன அழுத்தம்’ என்று சொல்லி வருவது குறைவு. நாரி உளையுது, தலை விறைக்குது, நெஞ்சுக்குள்ள அந்தரமா இருக்கு, நித்திரை வருகுதில்ல. இப்படித்தான் பேச்சு தொடங்கும். உடம்பின் வழியாக உள்ளே போகும் ஒரு பட்டறை இந்தப் பேச்சுக்கு எதிராக நீந்தத் தேவையில்லை.

பிள்ளைகளுக்காக வந்த பட்டறைகள்

கிழக்கில் உளசமூகப் பணி புதிதல்ல. போர் உச்சத்தில் இருந்த 1996இல், கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் யேசு சபைத் துறவியும் உளவியலாளருமான போல் சற்குணநாயகமும் சேர்ந்து மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே வந்து களிமண்ணிலும் கதையிலும் நாடகத்திலும் விளையாடினார்கள். அப்புறம் 2004 டிசம்பர் 26, சுனாமி. நாட்டிலேயே அதிகம் பேர் இறந்த மாவட்டம் அம்பாறை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, மட்டக்களப்பில் நாவலடி, கல்லடி என்று கரையோரப் பாடசாலைகள் பலவற்றில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஒரே காலையில் இல்லாமற் போனார்கள். அதன் பின் வந்த நிறுவனங்களின் எண்ணிக்கை, ஒரே வாரத்தில் ஒரே பாடசாலைக்கு இரண்டு குழுக்கள் ‘அதிர்ச்சிக்கு ஆளான பிள்ளைகளை அடையாளம் காண்பது எப்படி’ என்று சொல்லிக்கொடுக்க வரும் அளவுக்குப் பெருகியது.

அந்தப் பயிற்சிகளில் ஆசிரியரின் இடத்தைப் பாருங்கள். பிள்ளைக்கு உதவி போய்ச் சேரும் குழாய் அவர்தான். பிள்ளையைப் பறிகொடுத்த ரீச்சர், தாயைப் பறிகொடுத்த பிள்ளையை எப்படி அணுகுவது என்று குறிப்பெடுத்துக்கொண்டு இருந்தார். குறிப்பெடுக்கிறவருக்கு என்ன நடந்தது என்று கேட்க நிகழ்ச்சி நிரலில் நேரம் இருக்கவில்லை. அந்தப் பணியைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் கணக்கில் ஒரு வரி விடுபட்டுவிட்டது.

விடுபட்டது சுனாமி மட்டுமல்ல. இன்று ஐம்பதைத் தாண்டிய ஆசிரியர்களில் பலர் 1990இல் பதின்ம வயதில் இருந்தவர்கள். வந்தாறுமூலையில் காணாமற் போனவர்கள், சத்துருக்கொண்டானிலும் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் படுகொலையானவர்கள் என்று அந்த ஒரு வருடம் விட்டுப்போன வடுக்கள் தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கத்திலும் இருக்கின்றன. பிற்பாடு அவர்களே ஆசிரியர்களாகி, சோதனைச்சாவடி தாண்டிக் கற்பிக்கப் போனார்கள். போன கிழமை முன்வாங்கில் இருந்த பிள்ளை இந்தக் கிழமை ஆயுதக் குழுக்களின் ஆட்சேர்ப்பில் பிடிபட்டுப் போனதையும் பார்த்தார்கள். 2019 ஏப்ரல் 21இல், ஈஸ்டர் குண்டுவெடிப்பில், மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளும் இறந்தார்கள். ஐந்து நாளில் சாய்ந்தமருதில் குண்டு வெடித்தது. அதன் பின் முஸ்லிம் ஆசிரியைகள் வேலைக்குப் போக முகத்தை, உடையை, பையைக் காட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. 2020இல் பாடசாலை மூடியது. 2021 ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை சம்பள முரண்பாட்டுப் போராட்டம். 2022இல் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தைத் தொட்டது. பெற்றோல் வரிசையில் இரவைக் கழித்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வந்த சேர்மார் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் வடக்கின் அனுபவத்தை வைத்து நீண்ட காலமாக எழுதிவரும் விடயம் இங்கே பொருந்துகிறது. போரும் பேரழிவும் ஆட்களை ஒவ்வொருவராகக் காயப்படுத்துவதோடு நிற்பதில்லை. குடும்பம், அயல், நம்பிக்கை, ஒருவரோடொருவர் பழகும் விதம் எல்லாவற்றையும் சேர்த்துக் குலைக்கின்றன. கூட்டாகக் குலைந்ததைத் தனித்தனி அறைகளில் ஆற்றுப்படுத்தி முடிக்க முடியாது.

மூச்சும் நரம்பும்

சரி, வட்டமாக நின்று கையை ஆட்டினால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் விருப்பத்தைக் கேளாமல் இயங்கும் நரம்பு மண்டலத்தில் இரண்டு பக்கங்கள் உண்டு. ஆபத்து வந்தால் ஒன்று முடுக்கிவிடும். இதயம் வேகமாக அடிக்கும், தசை இறுகும், மூச்சு நெஞ்சின் மேற்பகுதியில் நிற்கும், சமிபாடு ஒத்திப்போகும். மற்றது ஆபத்து போனதும் எல்லாவற்றையும் தணிக்கும். நாற்பத்தைந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆபத்து முழுதாக வருவதும் இல்லை, முழுதாகப் போவதும் இல்லை. அதனால் முதற்பக்கம் அரைகுறையாக முடுக்கியபடியே கிடக்கிறது. தோள் காதை நோக்கி ஏறியிருப்பதையும் பல்லைக் கடித்திருப்பதையும் வருடக்கணக்கில் நாம் கவனிப்பதில்லை.

இந்த மண்டலத்தில் நாம் நேரடியாகக் கைவைக்கக்கூடிய ஒரு வாசல் மூச்சு. உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே கூடும், வெளியே விடும்போது குறையும். இது எல்லோர் உடம்பிலும் நடப்பது. வெளிமூச்சை நீட்டினால் தணிக்கும் பக்கத்துக்கு வேலை கொடுக்கிறோம். பாட்டு, முனகல், ஓதல் எல்லாமே வெளிமூச்சை நீட்டுபவைதான். பட்டறைகளில் ‘பாதத்தைத் தரையில் உணருங்கள்’ என்று சொல்வதும் இதையொட்டியதே. பழைய பயத்துக்குள் இழுபட்டுப் போகும் கவனத்தை இப்போது நிற்கும் இடத்துக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம்.

இங்கே கொஞ்சம் சந்தேகமும் சேர்க்க வேண்டும். பட்டறை நடத்துநர்கள் பலர், தணிக்கும் பக்கத்தின் முக்கிய நரம்பான வேகஸ் நரம்பைப் பற்றி ஸ்டீபன் போர்ஜஸ் 1990களில் முன்வைத்த கோட்பாட்டை முடிந்த உண்மைபோலச் சொல்கிறார்கள். அதன் உடற்கூற்று அடிப்படையைப் பல நரம்பியலாளர்கள் ஏற்பதில்லை. அந்தக் கோட்பாடு இல்லாமலும் நீண்ட வெளிமூச்சு வேலை செய்யும். ஆகவே படம் போட்டு வேகஸ் நரம்பு விளக்கும் அரை மணி நேரத்தை இன்னொரு நடைக்குக் கொடுப்பது இலாபம்.

நல்ல ஆய்வுகளும் உண்டு. 2014இல் அமெரிக்காவில் வெளியான ஒன்றில், நீண்டகால மன வடுவால் பாதிக்கப்பட்டு வேறு சிகிச்சைகளால் பலன் காணாத 64 பெண்களில் ஒரு பகுதியினருக்கு 10 வாரம் யோகா வகுப்பு, மற்றவர்களுக்கு உடல்நலக் கல்வி வகுப்பு. முடிவில் யோகாக் குழுவில் 52 வீதத்தினர் மன வடுவுக்குப் பிந்திய அழுத்த நோய்க்கான (PTSD) வரையறைக்குள் வரவில்லை. மற்றதில் 21 வீதம். சின்ன ஆய்வு, வேறு நாடு. ஆனாலும் கவனிக்க ஒன்று இருக்கிறது: 10 வாரம். ஒரு சனிக்கிழமை இல்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப்படுவது 2015இல் வெளியான பிரேசில் ஆய்வு. 264 பள்ளி மாணவர்களைக் குழுக்களாக ஆடவிட்டார்கள். சில குழுக்கள் ஒரே அசைவை ஒரே நேரத்தில், சில குழுக்கள் ஆளுக்கொரு அசைவு. பிறகு இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைக் கையில் கட்டி இறுக்கி, எவ்வளவு வலியைத் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். உடம்பை வருத்தி ஆடியவர்களின் தாங்குசக்தி கூடியிருந்தது. ஒத்திசைந்து ஆடியதும் அதற்கு மேல் தனியாக அதைக் கூட்டியது. கூட ஆடியவர்கள் மீதான நெருக்கமும் கூடியது. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் காவடி எடுத்தவருக்கு இது செய்தியல்ல. ஆனால் தனியாக யூரியூப் பார்த்துச் செய்யும் பயிற்சிக்கும் சக ஆசிரியர்களோடு செய்யும் பயிற்சிக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

ஆசிரியரின் உடம்பு அவரோடு மட்டும் நிற்பதுமில்லை. கனடாவில் 17 வகுப்புகளின் 406 பிள்ளைகளை வைத்து 2016இல் வந்த ஆய்வு, ஆசிரியர் களைத்துத் தீய்ந்துபோயிருந்த வகுப்புகளில் பிள்ளைகளின் உடம்பில் அழுத்தத்தின்போது சுரக்கும் கோட்டிசோலின் காலைநேர அளவும் கூடியிருந்ததைக் கண்டது. ஆசிரியரால் பிள்ளைகளுக்கா, பிள்ளைகளால் ஆசிரியருக்கா என்பதை அது சொல்லவில்லை. இரண்டும் சுற்றிச் சுற்றி நடப்பதாகத்தான் இருக்கும்.

களரி நமக்குப் புதிதா?

மட்டக்களப்புக்காரருக்கு வட்டமாக நிற்பதைச் சொல்லிக்கொடுக்க யாரும் வரத் தேவையில்லை. கூத்து ஆடும் களமான களரி வட்டமானது. சுற்றிவர ஊர் இருக்க, நடுவில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடும் சல்லரிக்காரர் தாளத்தோடும் நிற்க, விடிய விடிய ஆட்டம். அந்த ஒரு இரவுக்குப் பின்னால் மாதக்கணக்கு வேலை. சட்டங் கொடுத்தல் (ஆட்டக்காரருக்கு அவரவர் பாட்டைக் கொடுப்பது), இரவுப் பழக்கம், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் (ஒத்திகை), அப்புறம் அரங்கேற்றம். பகலில் வயலிலும் வாவியிலும் வேலை செய்தவர்கள் இரவில் வந்து பாடி ஆடுவார்கள். மூச்சை அடக்கி, நீட்டி, பாட்டின் அடி முடியும் வரை ஆட்டத்தை விடாமல் பிடிக்க வேண்டும். ஒருவர் களைத்து வரி விட்டால் பிற்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பார்கள். ஆட்டக்காரர் விழாமல் இருக்கும் பொறுப்பு களரி முழுவதற்கும் உரியது. கூட்டுப் பராமரிப்பு என்று இப்போது பெரிதாகப் பேசப்படுவதற்கு இதைவிடத் துல்லியமான வடிவம் எனக்குத் தெரியாது.

1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். அந்த முயற்சியில் மாணவராக ஆடிய மட்டக்களப்பின் சி. மௌனகுரு பிற்பாடு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலையை வளர்த்தவர்களில் முதன்மையானவர். கூத்துக்கு அது மரியாதை தேடித்தந்தது, ஆனால் வட்டம் ஒரு பக்கம் பார்க்கும் மேடையாக மாறியது. பிற்காலத்தில் அரங்கக்காரர் சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ குழுவினரும் சீலாமுனை போன்ற ஊர்களில் ஊராரோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் களரிக்கே திரும்பியது. சாதி, பெண்கள் பற்றிப் பழைய ஏடுகளில் உள்ளவற்றை ஊராரே உட்கார்ந்து விவாதித்து மாற்றினார்கள். பட்டறை நடத்துகிறவர்கள் படிக்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான்: உடம்பு அசைந்த பிறகு உட்கார்ந்து பேசுவதும், பேசிய பிறகு ஏதாவது ஒன்றை மாற்றுவதும்.

கூத்தைத் தேன்தடவிக் காட்டவும் கூடாது. நீண்ட காலம் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள். யார் ஆடலாம், யார் பறை அடிக்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. முஸ்லிம் ஆசிரியைக்குக் கூத்தின் கடவுள் வணக்கம் தன்னுடையதாக இராது. அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் முஸ்லிம்களிடம் கோலடித்து ஆடும் களிகம்பும் சிலம்பம்போன்ற சீனடியும் இருக்கின்றன. பெண்களிடம் குரவையும் தாலாட்டும். பட்டறைக்கு வந்தவர்களிடமே ‘சின்ன வயதில் நீங்கள் ஆடிய விளையாட்டு எது’ என்று கேட்டுத் தொடங்கினால் கும்மி, எட்டுக்கோடு, கிளித்தட்டு என்று மண்டபம் நிரம்பிவிடும். சமயமும் குறுக்கே வராது.

உடம்பும் கூட்டமும் சேர்ந்த இன்னொரு காட்சி 2022இல் நடந்தது. நெருக்கடிக் காலத்தில் மட்டக்களப்பில் பெண்கள் முன்னின்று, கல்லடிப் பாலத்திலிருந்து காந்திப் பூங்கா வரை பாட்டோடு நாளாந்தம் நீதிக்காக நடந்தார்கள். அதை யாரும் நலன்பேண் நிகழ்ச்சி என்று அழைக்கவில்லை. ஆனால் தினமும் ஒரே நேரத்தில், ஒரே பாதையில், தெரிந்தவர் பக்கத்தில் நடப்பது உடம்புக்கு என்ன செய்யுமோ அதை அதுவும் செய்திருக்கும்.

எங்கே பிழையாகும்

உடம்பைத் தொடும் பட்டறை பவர்பொயின்ற் பட்டறையைவிட அதிகம் காயப்படுத்தக் கூடியது. ‘எல்லோரும் கண்ணை மூடுங்கள்’ என்பது பலருக்கு ஓய்வு, போர்க்காலச் சுற்றிவளைப்பில் நின்றவருக்கு அப்படியல்ல. பின்னால் வந்து தோளைத் தொடுவது, திடீரென விசில் ஊதுவது, கதவைச் சாத்தி விளக்கை அணைப்பது, தரையில் படுக்கச் சொல்வது எல்லாமே இங்கே வேறு அர்த்தத்தோடு உடம்பில் பதிந்திருக்கக் கூடியவை. கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம், கதிரையிலேயே செய்யலாம், வேண்டாமென்றால் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லி, அதை மெய்யாகவே அனுமதிக்க வேண்டும். ‘ஒருக்கா முயற்சி செய்து பாருங்க ரீச்சர்’ என்று நாலு பேருக்கு முன்னால் இழுப்பது அனுமதி ஆகாது.

சிலர் அழுவார்கள். அழுகை வந்தால் பட்டறை வெற்றி என்று நினைக்கும் நடத்துநர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்களைக் கண்டால் பயம். திறந்த ஒன்றை யார் மூடி அனுப்புவது? அன்றைக்கு இரவு அந்த ரீச்சர் யாரோடு பேசுவார்? மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவோ, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கமோ, ஊரிலுள்ள ஆற்றுப்படுத்துநரோ, முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

ஆணும் பெண்ணும் சேர்ந்த வட்டம் எல்லா ஊரிலும் சரிவராது. காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ பெண்கள் மட்டும், ஜன்னலுக்குத் திரை போட்ட மண்டபம் என்றால்தான் பலர் கையை உயர்த்துவார்கள். அது பிற்போக்கு என்று முகம் சுழிப்பதில் பயனில்லை. சேலையோடு குனிந்து நிமிரச் சொல்வதும் சிரமம். ‘வசதியான உடுப்பில் வாருங்கள்’ என்று கடிதத்தில் ஒரு வரி போதும். ஆனால் கடிதம் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்தால் அந்த வரியை யாரும் நம்ப மாட்டார்கள், சேலையோடுதான் வருவார்கள். நோன்பு மாதம், வெள்ளி ஜும்ஆ, முழங்கால் தேய்ந்தவர், நீரிழிவுக்காரர், கர்ப்பிணி என்று யோசிக்க இன்னும் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது அதிகாரம். அதிபரும் கோட்டக் கல்விப் பணிப்பாளரும் அதே வட்டத்தில் நின்றால் யாருடைய தோளும் இறங்காது. அவர்கள் வேண்டாம் என்றும் விட முடியாது, பாடசாலையில் ஏதாவது மாற வேண்டுமானால் மாற்றும் கை அவர்களுடையது. முதல் சில அமர்வுகள் ஆசிரியர்கள் தனியே, பிறகு ஆசிரியர்களே தீர்மானித்த விடயங்களோடு அதிபர்களைச் சந்திப்பது என்ற ஒழுங்கு ஓரளவு நியாயமாகப்படுகிறது. அதிபர்களுக்கும் தனி வட்டம் வேண்டும். மேலிருந்து வரும் படிவங்களுக்கும் கீழிருந்து வரும் பெற்றோருக்கும் நடுவே நசிபடும் உடம்பு அது.

நேரசூசி

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் வேலையால் களைத்துத் தீய்ந்துபோவதை, அதாவது தொழில்சார் எரிந்துபோதலைப் பற்றி எழுதியபோது ஒன்றைத் தெளிவாக்கியது: அது நோயல்ல, வேலையிடத்தில் தீர்க்கப்படாமல் தொடரும் அழுத்தத்தின் விளைவு. வேலையிடத்தின் விளைவென்றால் மருந்தின் பாதியாவது வேலையிடத்தில் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் பட்டறைக்காரர்கள் சிலர், ‘அது எங்கள் கையில் இல்லையே’ என்பார்கள். முழுதும் இல்லைதான். இடமாற்றக் கொள்கையையும் சம்பளத்தையும் ஒரு வட்டத்தால் மாற்ற முடியாது, அதற்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. ஆனால் பாடசாலைக்குள்ளேயே மாற்றக்கூடியவை கொஞ்சமல்ல.

பத்துப் பேர் உட்கார்ந்து உடம்பைப் பற்றிப் பேசினால் அவை தாமாகவே மேலே வரும். மேல்மாடிக்கு நாலு தரம் ஏறி இறங்காமல் நேரசூசியை அடுக்கலாம். இரண்டு பாடவேளைக்கு ஒருமுறை பக்கத்து வகுப்பு ரீச்சர் ஐந்து நிமிடம் இரண்டு வகுப்பையும் பார்த்துக்கொண்டால் மற்றவர் கழிப்பறைக்குப் போய்வரலாம். வகுப்பில் ஒரு கதிரை போட்டு, அதில் உட்கார்ந்து படிப்பித்தால் சோம்பேறி என்று மேற்பார்வைக்கு வருகிறவர் எழுதாமல் இருக்கலாம். புதன்கிழமை ஆசிரியர் கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தை மூச்சுக்கும் தோளுக்கும் விடலாம். குழந்தைப்பேறு முடிந்து வந்தவருக்குப் பால் கொடுக்க ஓர் அறை. இதில் பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை, ஒருவரையொருவர் நம்பினால் போதும். போர் தின்றதும் அந்த நம்பிக்கையைத்தான். ‘நான் போனா என்ட வகுப்ப ஆரு பார்க்கிற?’ என்ற கேள்விக்கு ‘நான் பார்க்கிறன், நீங்க போய்த்து வாங்க’ என்று பதில் சொல்லும் ஆளைத் தயாராக்குவதுதான் அந்த முதுகோடு முதுகு சாயும் பயிற்சியின் வேலை.

தொடக்கத்திலேயே இதைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடமும் இருக்கிறது. தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் உள்ளன. ஒன்றில் பெரும்பாலும் தமிழ் மாணவர்கள், மற்றதில் பெரும்பாலும் முஸ்லிம் மாணவர்கள். குரலை எங்கிருந்து எடுப்பது, ஆறு மணி நேரம் எப்படி நிற்பது, களைத்ததை எப்படிக் கவனிப்பது என்பவை கற்பித்தல் முறையின் பகுதிகள்தானே. கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நடனமும் நாடகமும் இசையும் படித்து வெளியேறும் இளையவர்களில் பலர் நியமனத்துக்காகக் காத்திருக்கிறார்கள். கல்லூரிகளுக்கும் இவர்களுக்கும் இடையே ஒரு பாதை போட வெளிநாட்டு நிபுணர் யாரும் தேவையில்லை.

மதிப்பீட்டுப் படிவத்தையும் மாற்ற வேண்டும். பட்டறை முடியும் நேரத்தில் ‘மிக நன்று, நன்று, திருப்தி’ என்ற மூன்று கட்டங்களில் எல்லோரும் முதலாவதற்குச் சரி போடுவார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது. மூன்று மாதம் கழித்து அதே பாடசாலைக்குப் போய், வட்டம் இன்னும் கூடுகிறதா, லீவு எடுத்தவரின் வகுப்பை இப்போது யார் யார் பகிர்கிறார்கள், காலையில் கொண்டுவரும் தண்ணீர்ப் போத்தலை எத்தனை ரீச்சர்மார் பதினொரு மணிக்கு முன் குடித்து முடிக்கிறார்கள் என்று கேட்டால், அந்தச் சனிக்கிழமை வேலை செய்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.